மேலுவலி என்று வருகிறவர்களிடம் இன்னும் இரண்டு கேள்வி

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற மருந்தாளுநர். மேற்கே விளவங்கோடு பக்கமும், பிறகு கடற்கரையோரமும், மொத்தம் 28 வருஷம் நம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுத்தவள். நீங்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சீட்டு எழுதுகிறீர்கள். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குப் பெரும்பாலும் கைதான் தெரியும். சீட்டை நீட்டுகிற கை, மாத்திரை உறையை வாங்குகிற கை. அத்தனை வருஷம் கைகளைப் பார்த்தவளுக்கு, மேலுவலிக்கு, அதாவது உடம்பு வலிக்கு, பின்னால் ஒளிந்திருக்கிற மனச்சோர்வைப் பற்றி உங்களிடம் சொல்ல ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

ஒரு கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீசில், கொட்டை உடைக்கிற பெண். வயது 50-க்குள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருப்பாள். பத்து நாளைக்கு ஒருதரம் வருவாள். "மேலு முழுக்க வலி, தலையில ஒரு பெருப்பு, ஒறக்கமே இல்லக்கா" என்பாள். சீட்டில் எப்போதும் ஒரே எழுத்துத்தான்: வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ். சில தடவை ராத்திரிக்கு டயஸிபாம் என்ற தூக்க மாத்திரை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. அதற்குள் மூன்று டாக்டர்கள் மாறினார்கள். ரத்தம் பார்த்தார்கள், கழுத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள், எதிலும் ஒன்றும் இல்லை. நடுவில் அவளே ஒரு வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவி வந்தாள்.

ஒருநாள் மாத்திரையை எண்ணி உறையில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. அப்படியே திரும்பி வாசலைத் தாண்டி நடந்து போய்விட்டாள். பின்னால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து நின்று உறையைப் பார்த்தாள். "என்னத்துக்கு வந்தேன்னே மறந்து போச்சுக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. அன்றைக்குத்தான் கம்பிக்குள்ளே குனிந்து அந்த முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எண்ணெய் காணாத தலை. ஒரு வருஷமாக என் கையால் மாத்திரை எண்ணிக் கொடுத்த ஆளை, அவள் இப்படி ஆகிவிட்டாள் என்று தெரியாமலே கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரம் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்து சேர்ந்திருந்தார். சின்ன வயது. கூட்டம் ஓய்ந்த பிறகு அவரிடம் போய், "இந்த அம்மாவை ஒருதரம் உட்கார வச்சுப் பேசுங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். "போன ரெண்டு வாரமா மனசு பாரமா, இனி என்னத்துக்குன்னு தோணுதாம்மா?" அப்புறம், "முன்னே பிரியமாச் செஞ்ச காரியம் எதிலயாவது இப்பவும் பிரியம் இருக்கா?" முதல் கேள்விக்கு அவள் பதிலே சொல்லவில்லை. இரண்டாவதற்குச் சொன்னாள்: "பேத்தி வந்து மடியில இருந்தா. எல்லாரும் சிரிக்காவ. எனக்கு ஒண்ணுமே தோணல்ல. மரக்கட்டை மாதிரி இருந்தேன்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு வருஷத்து மேலுவலிக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.

மனச்சோர்வு நோயை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிற மாதிரியே நம் நிலையத்திலேயே கேட்டுக் கண்டுபிடியுங்கள். அங்கேயே சிகிச்சை தொடங்குங்கள், அங்கேயே தொடர்ந்து பாருங்கள், மருந்து ஒருநாள்கூட அறுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான். மீதியெல்லாம் அது ஏன், எப்படி என்பதுதான்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். அந்த டாக்டர் கேட்ட இரண்டும் அவர் கற்பனை செய்தவை கிடையாது. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க முதல்நிலை மருத்துவத்தில் புழங்குகிற பி.எச்.கியூ. கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இரண்டும் சேர்த்து 3 வந்தால் ஒன்பது கேள்விப் படிவத்துக்குப் போக வேண்டும். தூக்கம், களைப்பு, பசி, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, கவனம் நிற்காமல் போவது, செத்துப்போகலாம் என்ற எண்ணம் எல்லாம் அதில் வந்துவிடும். மொத்தம் 27. 10-ஐ எட்டினாலே சும்மா விடக் கூடாது. இரண்டாவது முறை வரும்போது அதே படிவத்தைப் போட்டுப் பார்த்தால் குறைகிறதா ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். பி.பி. கருவியில் அளவு பார்க்கிற மாதிரிதான் இதுவும். இதற்குக் கருவிகூட வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும்.

"மனசு சரியில்லை என்று அவர்களே சொல்லலாமே" என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 15 ஊர்களில் முதல்நிலை மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. நம் பெங்களூரும் அதில் ஒன்று. அதன் முடிவு 1999-ல் வெளியானது. மனச்சோர்வு இருந்தவர்களில் 100-க்கு 69 பேர் டாக்டரிடம் உடம்பு உபாதையை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். இங்கே நம் சனங்களின் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புரியும். மேலுவலி, தலைப்பெருப்பு, கிறுகிறுப்பு, நெஞ்சு படபடப்பு, கைகால் கடுப்பு, உள்ளங்கால் எரிச்சல். ரொம்ப நெருங்கிப் பழகினால் "ஒரு வெப்ராளம்" என்பார்கள். வெப்ராளம் என்ற அந்தச் சொல் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. வெளி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற டாக்டர்கள் அதை மட்டுமாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு கொள்ளாமல், நெஞ்சுக்குள் என்னவோ கிடந்து அலைக்கழிக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல் நோயாளி வாயிலிருந்து வந்துவிட்டால், கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர்களைப் பாருங்கள்.

வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அவள் வலித்தது என்றால் வலித்ததுதான். "உனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவதைப் போல அவமானம் வேறு கிடையாது. அதைக் கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வருகிறவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். "தூக்கமில்லாமலும் கவலையாலும் உடம்பும் சேர்ந்து நோகுது, இதுக்குப் பெயர் இருக்கு, மருந்து இருக்கு" என்று சொல்வதற்கும் அதே அளவு நேரம்தான் ஆகும். ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும். அதனால் ஹீமோகுளோபினும் டி.எஸ்.எச்.சும் ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் விஷயத்தை மூடிவிடாதீர்கள். விசாரிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

2015-16-ல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்திருக்கிறது என்றும், அவர்களில் 100-க்குச் சுமார் 85 பேர் சிகிச்சைக்குள்ளேயே வரவில்லை என்றும் அது சொன்னது. நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். கணக்கு உங்களுக்கே தெரியும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் இருக்கிற மனநல மருத்துவர்கள் இத்தனை பேரையும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லா பி.பி. நோயாளியையும் இதய நிபுணரிடமா அனுப்புகிறோம்?

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இது என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன்.

முதலில், எல்லாருக்கும் மாத்திரை வேண்டாம். லேசான சோர்வு உள்ளவர்களுக்கு மாத்திரையால் பெரிய பயன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. பேச்சும், ஒழுங்கான தூக்கமும், விட்டுப்போன காரியங்களில் ஒன்றிரண்டை மறுபடி தொடங்குவதும் அவர்களுக்குப் போதும். வீட்டில் சாவு நடந்து ஒரு மாசம்கூட ஆகாதவர் அழுதால் அது துக்கம். அதை நோயாக்கக் கூடாது. நடுத்தரமும் கடுமையும் ஆனவர்களுக்குத்தான் மருந்து. தொடங்கும் முன், "எப்பவாவது தூக்கமே இல்லாம, அளவுக்கு மீறின உற்சாகத்தோட, காசை வாரி இறைச்சு, ஓயாமப் பேசி இருந்ததுண்டா?" என்று வீட்டு ஆளிடம் கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் அவர்களை நிபுணரிடம்தான் அனுப்ப வேண்டும். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நோய் மறுபக்கம், அந்த அளவு மீறின உற்சாகத்துக்கு, திரும்பிவிடலாம்.

மனச்சோர்வுக்கு நாம் கொடுப்பது ஃப்ளூஆக்ஸெடின் 20 மில்லிகிராம், காலை சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. விலை குறைந்த, பழகிய மருந்து. ஆனால் இதைக் கொடுக்கும்போது நாலு வார்த்தை சேர்த்துக் கொடுக்காவிட்டால் கொடுத்ததே வீண். வலி மாத்திரை அரை மணி நேரத்தில் கேட்கும். இது கேட்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம். முதல் வாரம் குமட்டும், தலைவலிக்கும், சிலருக்குப் படபடப்புக் கூடும். அதாவது குணம் தெரியும் முன்பே தொந்தரவு தெரிந்துவிடும். இதை யாரும் சொல்லாவிட்டால் ஐந்தாவது நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். எத்தனையோ உறைகள் பாதி தீர்ந்த நிலையில் திரும்பி வந்ததைப் பார்த்தவள் சொல்கிறேன். "முதல் வாரம் வயிறு கொஞ்சம் பெரட்டும் மக்கா, பயப்படாதே, ரெண்டு வாரம் தாண்டட்டும்" என்று ஜன்னலில் சொல்லத் தொடங்கிய பிறகு திரும்பி வரும் உறைகள் குறைந்தன.

இன்னொன்று, நம் சீட்டுகளில் அடிக்கடி நடப்பது. இதே மாத்திரையோடு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் தொடர்ந்து போகும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. மேலுவலி என்று வந்தவருக்கு மனச்சோர்வு என்று தெரிந்த பிறகும் பழைய வலி மாத்திரையை நிறுத்த மறந்துவிடுகிறோம். வேண்டுமானால் பாரசிட்டமால் கொடுங்கள். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம், குழப்பம் வரலாம், அதையும் பார்க்க வேண்டும். இதே நோய்க்கான பழைய மருந்து அமிட்ரிப்டிலினை எழுதினால் ஒரு மாசத்துக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். சாக நினைக்கிறவர் வீட்டில் அந்த மாத்திரை நிறைய இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருதரம் வரச் சொல்லுங்கள், இல்லை வீட்டு ஆள் ஒருவர் கையில் ஒப்படையுங்கள்.

அப்புறம் தூக்க மாத்திரை. டயஸிபாமும் அல்பிரஸோலமும் அன்றைக்குத் தூக்கம் தரும், மனச்சோர்வைத் தீர்க்காது. மாசக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்கு அடிமையாகும். ஜனங்களோ தலைகீழாக நம்புகிறார்கள். ஃப்ளூஆக்ஸெடினைப் பார்த்தால் "இது பழகிடுமா?" என்று பயப்படுகிறார்கள், டயஸிபாமை "அந்தச் சின்ன மாத்திரை" என்று கேட்டு வாங்குகிறார்கள். இதைத் திருத்த வேண்டியது நீங்களும் நானும்தான். மனசு தெளிந்த பிறகும் குறைந்தது 6 முதல் 9 மாதம் மருந்து போட வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாக நிறுத்த வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். மூன்றாவது வாரம் வந்தாள். தலையில் எண்ணெய் தேய்த்திருந்தாள். ஆறாவது வாரம், கம்பிக்கு வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு என்னவோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது மாசம் ஃப்ளூஆக்ஸெடின் தீர்ந்துபோனது. இன்டென்ட், அதாவது மருந்து கேட்டு எழுதும் பட்டியல், போட வேண்டியவள் நான். பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் குறைகிற நாளைக் கணக்கு வைத்திருந்தேன். நாலைந்து பேர் மட்டும் வாங்குகிற இந்த மருந்தை விட்டுவிட்டேன். "அடுத்த வாரம் வரும், அதுவரை பெரிய ஆஸ்பத்திரியில் வாங்கிக்கோ" என்று சொல்லி அனுப்பினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். ஒருநாள் கூலி போகும். அவள் போகவில்லை. அடுத்த வாரம் இங்கேயும் வரவில்லை. இரண்டு மாசம் கழித்து அவள் மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். மறுபடியும் அதே மரக்கட்டை முகம்.

அந்தத் தவறு என்னுடையது. இத்தனை வருஷத்தில் என்னை விடாமல் உறுத்துகிற காரியம் அது. பி.பி. மாத்திரையான அம்லோடிபின் ஒருநாள் இல்லை என்றால் வரிசையே சத்தம் போடும், வட்டாரத்துக்குப் போன் போகும், சாயங்காலத்துக்குள் பக்கத்து நிலையத்திலிருந்து கடன் வாங்கி வந்துவிடுவோம். மனச்சோர்வு மருந்து இல்லை என்றால் யாரும் சத்தம் போடுவதில்லை. சத்தம் போடத் தெம்பு இல்லாததுதானே அந்த நோய். அவர்களுக்காக நாம்தான் சத்தம் போட வேண்டும். அரசு நிலையங்களுக்கு மருந்து வாங்கித் தருகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பட்டியலில் மருந்து இருக்கிறது, மருந்துக்கென்று ஒதுக்கின நம் பாஸ்புக்கில் பணமும் இருக்கிறது. கேட்டு எழுத ஒருவர் நினைவு வைத்திருந்தால் போதும்.

மகள் கூட்டி வந்த பிறகு மருந்து மறுபடி தொடங்கியது. இந்த முறை டாக்டர் கூடவே இன்னொன்றும் செய்தார். "சனிக்கிழமை முன்னே என்ன செய்வீங்க?" என்று கேட்டார். கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுப்பாளாம், தோவாளைப் பூ வாங்கி வந்து. இரண்டு வருஷமாக விட்டுவிட்டாளாம். "ஒரு முழம் மட்டும் கட்டுங்க, அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க" என்றார். இது வெறும் ஆறுதல் பேச்சு கிடையாது. செயலைத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பதை வைத்துச் செய்கிற சிகிச்சைமுறை. பேசிக் குணப்படுத்த டாக்டர் மட்டும்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் டாக்டர் விக்ரம் படேல் குழு செய்த மானஸ் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. 24 மருத்துவ நிலையங்கள். மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, டாக்டரோடு சேர்ந்து, மனச்சோர்வோ பதற்றமோ உள்ள நோயாளியிடம் பேசவும் தொடர்ந்து விசாரிக்கவும் வைத்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமானவர்கள் 100-க்கு 66 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்த அரசு நிலையங்களில் அது 42, 43 தான்.

அந்த மாதிரி ஆட்கள் நமக்கு ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, பி.பி. கருவியோடு வீட்டு வாசலுக்குப் போகிற பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் முற்றம் பெருக்காமல் கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இரண்டு கேள்வியை அவர்கள் கையில் கொடுங்கள். மாத்திரையை விட்டவரைத் தேடிப்போகும் பட்டியலில் இவர்களையும் சேருங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள் இதை வாய்ச்சொல்லாக இல்லாமல், பயிற்சியோடும் ஊக்கத்தொகையோடும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யாரிடமெல்லாம் கேட்க வேண்டும்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் வேலை பார்க்கிற டாக்டர்கள், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கொண்டுபோன ஆண்களின் வீடுகளை மறக்க வேண்டாம். உடலே கிடைக்காத வீடுகள் அவை. கதவைத் தாழ் போடாமல் உறங்குகிற ஓர் அம்மையை நான் பார்த்திருக்கிறேன். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் 2004 டிசம்பர் 26 இன்னும் சிலருக்கு முடியவில்லை. அப்புறம் வெளிநாட்டுப் பணத்தில் கட்டின பெரிய வீடுகள். மாடியில் எட்டு அறை, கீழே ஒரு அறையில் தனியாக ஒரு அப்பச்சி. பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும். அவர் "கேஸ் டிரபிள்" என்று வருவார். புதிதாகப் பிள்ளை பெற்றவள், தடுப்பூசி நாளில் கைக்குழந்தையோடு வரும்போது குழந்தையின் எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறோம், தாயிடமும் கேளுங்கள். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்று கையில் காசில்லாமல் இருக்கிற ஆண்கள் மனசைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அவர்கள் குடி நாற்றத்தோடுதான் வருவார்கள். திட்டி அனுப்பும் முன் அவர்களிடமும் அந்த இரண்டு கேள்வி. சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கிறது, மருந்து சரியாகப் போடுவதில்லை என்கிறவர்களுக்கும் இது பின்னால் ஒளிந்திருக்கும்.

சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம். அப்படி உண்டாகாது. கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன, கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மூச்சு விட்டதுபோல் ஆகிறார்கள். "வாழ்ந்தது போதும்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சதுண்டா?" என்று நேராகவே கேளுங்கள். எப்படி என்று யோசித்து வைத்திருப்பவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கூட ஒருவர் இருக்க வேண்டும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வாகனத்தை நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் எல்லாச் சீட்டின் பின்பக்கமும் ரப்பர் ஸ்டாம்பாகக் குத்தப்படட்டும். தற்கொலைக்கு முயன்று பிழைத்து வருகிறவரிடம் போலீஸ் கேஸ் என்று மிரட்டுகிற குரல் இன்னும் சில இடங்களில் கேட்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்கிறது.

இவர்களோடு, காதில் குரல் கேட்கிறது என்பவர்கள், வளரிளம் பருவத்தினர், கர்ப்பிணிகள், ஆறு எட்டு வாரம் மருந்து போட்டும் அசையாதவர்கள் ஆகியோரை நிபுணரிடம் அனுப்புங்கள். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரின் போன் எண் உங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். மீதிப்பேர் நம் ஆட்கள்.

நம் ஆட்கள் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன் இந்த மண் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் இருந்தது. அங்கே இருக்கிற ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரியின் பெயர் இன்றைக்கும் இங்கே ஒரு வசவு. "இவளை ஊளம்பாறைக்குக் கொண்டுபோகணும்" என்று விளையாட்டாகச் சொல்லிச் சொல்லியே, மனநல வார்டு வாசலை மிதித்தவளுக்குக் கல்யாணம் நடக்காது, அவள் தங்கைக்கும் நடக்காது என்ற நிலைமை. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலாவதாக, 2011-ல் 91.75 சதவீதம் என்று வந்த மாவட்டம் இது. படிப்பு இந்தப் பயத்தை அழிக்கவில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில் யாருக்கும் வெட்கம் இல்லை. சளிக்கும் வருவார்கள், நாய்க்கடிக்கும் வருவார்கள். அதே சீட்டு, அதே வரிசை, அதே ஜன்னல். யார் எந்த மாத்திரை வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியால் தர முடியாத மறைவு இது. அதைக் காப்பாற்றுகிற பொறுப்பு என் இடத்தில் இப்போது இருக்கிற தம்பி தங்கைகளுக்கு உண்டு. "மனநோய் மாத்திரை யாருக்கு?" என்று ஜன்னலிலிருந்து ஒருதரம் கத்திக் கூப்பிட்டால் போதும், அந்த ஆள் பிறகு அந்தப் பக்கமே வர மாட்டார்.

நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான். திங்கட்கிழமை காலை வரிசை சாலை வரைக்கும் நிற்கும். எல்லாரிடமும் கேட்கச் சொல்லவில்லை. மூன்றாவது முறை அதே வலியோடு வந்தவர், தூக்கமில்லை என்றவர், ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லாதவர். இவர்களிடம் மட்டும். முதல் இரண்டு கேள்வியை தொற்றா நோய்ப் பிரிவு செவிலியர் பி.பி. பார்க்கும்போதே கேட்டுவிடலாம். மதிப்பெண் வந்தவரை அன்றைக்கே, கூட்டம் ஓய்ந்த பிறகு, இல்லை வியாழக்கிழமை மதியம் என்று ஒரு நேரம் வைத்துப் பாருங்கள். பத்து நாளைக்கு ஒருதரம் ஒரு வருஷம் வந்தவளுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து செலவழித்த நேரத்தை ஒருதரம் கூட்டிப் பாருங்கள். முப்பத்தைந்துக்கு மேல் சீட்டு, அத்தனை தடவை மாத்திரை எண்ணியது.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். பத்தாவது மாசம் டாக்டர் மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். நான் ஓய்வு பெறுகிற அன்று ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினாள். விரல் நுனி அதே கறுப்புத்தான்.

அந்தச் சின்னப் பெண் டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். அவர் இருந்தபோது நடந்தது அவரோடு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த மாசம் இன்டென்ட் உங்கள் கையெழுத்துக்கு வரும்போது, எஃப் எழுத்தில் ஃப்ளூஆக்ஸெடின் என்ற வரியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் மருந்தாளுநரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
விளவங்கோடு வட்டம்.